அலமாரிக்கு மேலே ஒரு பிரிட்ஜ்

என் பெயரை இதில் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரால் நான் பட்டதே போதும். எழுதினாலும் எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு அது நான்தான் என்று தெரியப்போவதில்லை. இருபது வருஷமாக வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். கேன்காரர், கேன் அண்ணன், தண்ணி அண்ணன், இவ்வளவுதான் எனக்குப் பெயர். செல்போனில் என் நம்பரை 'வாட்டர்' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று நான் போன் போடும்போது அவர்கள் கையில் அந்த எழுத்து ஒளிர்வதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனின் சொந்தப் பெயருக்கு ஒரே ஒரு தடவை மவுசு வந்தது. மாநகராட்சித் தேர்தல் அறிவித்த வாரம் அது.

அம்மாபேட்டைக்குப் பின்பக்கம் இருக்கிற எங்கள் தெருவில் என் பெயரில் இன்னொருவன் இருக்கிறான். எங்கள் பங்குக் கோயிலில் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் ஞானஸ்நானம். அந்த மாதம் ஒரு புனிதருக்குத் திருவிழா வருவதால் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்களவர்களிடம் இது சகஜம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தலைப்பெழுத்து மட்டும்தான் வேறு. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களைப் பெரியவன், சின்னவன் என்று பிரித்துவைத்தார். நான் பெரியவன், உயரத்தில் மட்டும். நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டது 'பங்காளி' என்று. ஒரு பெயரைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் அல்லவா.

பங்காளி தச்சு வேலை செய்கிறவன். அயோத்தியாப்பட்டணம் போகிற சாலையில் பட்டறை வைத்திருக்கிறான். வார்டில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் அவன் செய்த அலமாரி நிற்கும். மரத்தைவிட அவனுக்கு அதிகப் பழக்கம் எங்கள் தெருச் சாக்கடையோடுதான். பெரிய மழை பெய்தால் அது பொங்கி வாசல்படி ஏறும். என் வீட்டுக்குள் கணுக்கால் வரை வந்திருக்கிறது. அவன் பட்டறையிலிருந்து பலகை கொண்டுவந்து வாசலுக்கு வாசல் தடுப்பு வைப்பான். மழை விட்டதும் மனு எழுதுவான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் அவனைப் பார்க்காத வாரம் குறைவு. மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், வாங்குகிற இடத்தில் உட்கார்ந்தால்தான் ஆகும் என்று முடிவு செய்து, சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொன்னான். தெரு மொத்தமும் அவன் பக்கம் நின்றது. எனக்கும் அவன் ஜெயிப்பான் என்றுதான் தோன்றியது.

வேட்புமனுவில் முன்மொழிய அந்த வார்டில் ஓட்டு உள்ள ஒருவர் கையெழுத்து வேண்டும். அவன் என் வீட்டுக்கு வந்து, கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டே கேட்டான்.

"பங்காளி, நீதான் போடோணும். என் பேரை நானே முன்மொழிஞ்ச மாதிரி இருக்கும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு மண்டல அலுவலகத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் வட்டம் வந்தார். வட்டம் என்றால் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர்; எங்கள் பகுதியில் அவரைப் பதவியின் பாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வார்டில் இந்த முறை அவரேதான் வேட்பாளர். குரலை உயர்த்தாத மனிதர். சின்னப் பையனிலிருந்து கிழவர் வரை எல்லோரையும் 'சாமி' என்பார். என் மனைவி ஒரு சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை கிடைத்தது வட்டம் சொன்ன ஒரு வார்த்தையில். இதற்காக அவர் எங்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அதுதான் பயமே. வாங்கியிருந்தால் சரிக்குச் சரி என்று இருந்திருக்கலாம்.

"ஒண்ணுமில்லீங்க சாமி," என்றார். "சும்மா ஒரு மனு தாக்கல் பண்ணிருங்க. கட்டுத்தொகை, பாரம், எல்லாம் பசங்க பார்த்துக்குவாங்க. நீங்க ஓட்டுக் கேட்டுத் தெருவுல எறங்க வேண்டாம். உங்க பேரு மட்டும் போதுமுங்க."

புரியாமல் தலையாட்டினேன் என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எல்லாத் தேர்தலிலும் நடக்கிற கூத்துதானே. பலமான ஆள் நின்றால் அதே பெயரில் ஒரு ஆளைத் தேடிப்பிடித்து நிறுத்துவார்கள். பெயரை மட்டும் பார்த்து அமுக்குகிறவர்களின் ஓட்டு சிதறும். பேப்பரில் படித்துவிட்டு நானே எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். எங்கேயோ பிடித்துவருகிற அந்த ஆள் எப்படிப்பட்ட வெட்கங்கெட்டவனாக இருப்பான் என்று கேட்டதும் உண்டு.

"இல்லீங்க, அவன் என் சிநேகிதன்," என்று ஆரம்பித்தேன்.

"அதனாலென்னங்க சாமி? சிநேகிதம் வேற, இது வேற," என்று எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "தங்கச்சிக்கு வேலையெல்லாம் சௌரியமாப் போகுதுங்களா?" என்று கேட்டார்.

"போகுதுங்க," என்றேன்.

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளில் பங்காளியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பட்டறை வழியாகப் போகிற லோடை வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போனேன். மனைவியிடமும் சொல்லவில்லை. எப்படியும் மனுவில் ஏதாவது தப்பு இருந்து தள்ளுபடி ஆகிவிடும், மழை வரும், தேர்தலே தள்ளிப்போகும் என்றெல்லாம் பைத்தியக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வட்டத்தின் ஆள் ஒருவர் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். என்னுடைய வேட்புமனுப் பாரம், உறுதிமொழிப் பத்திரம், கேட்கிற சின்னம் மூன்று எல்லாம் அவர் கையில் இருந்த உறைக்குள் ஏற்கனவே எழுதித் தயாராக இருந்தன. அவர்கள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன். மண்டல அலுவலக மாடியில் பெஞ்சில் பங்காளி உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை போட்டான்.

"ஏன்டா, பத்து மணின்னு சொல்லிப்போட்டுப் பதினொன்னுக்கு வாறே? வேர்த்துப்போச்சு எனக்கு."

மேஜைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது எங்கள் பெயர். நான் அசையவில்லை, பங்காளி முன்னால் போனான். வட்டத்தின் ஆள் என் முழங்கையைப் பிடித்து என்னையும் முன்னால் தள்ளினார்.

"இதென்னங்க, ரெண்டு பேரு வாறீங்க?" என்றார் எழுத்தர்.

"இவன் எனக்கு முன்மொழிய வந்தவனுங்க சார்," என்று மறுபடி என் தோளில் கை போட்டுச் சிரித்தான் பங்காளி. "இவனுக்கும் அதே பேருதான். சின்ன வயசிலிருந்தே இந்தக் குழப்பமுங்க."

வட்டத்தின் ஆள் என் உறையை மேஜைமேல் வைத்தார். எழுத்தர் பிரித்து, என் பெயரையும் தலைப்பெழுத்தையும் சத்தமாகப் படித்து, "சுயேச்சை," என்றார். பங்காளியின் சிரிப்பு உடனே போகவில்லை. ஏதோ தவறுதல், இப்போது சரியாகிவிடும் என்பதுபோல என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டான். வராந்தாவுக்குப் போய் மச்சானுக்குப் போன் போட்டு, கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும், உடனே வா என்று கூப்பிட்டான். அந்தப் போன் முழுவதையும் நான் நின்றுகொண்டே கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், உனக்காகத்தான் என்று சொன்னேன். இன்றுவரை என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுவது அந்த வார்த்தைக்குத்தான்.

அவளுக்கு ஊர் கெங்கவல்லிப் பக்கம். கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்னா பேசுற நீ?" என்றாள். சாதாரணமாக என்னை வாங்க போங்க என்பவள். "என் வேலைக்காகன்னு சொல்லாத. நான் கேட்டனா? போனா போவுது, கடையில பில் போடப் போறேன். நாளைக்கே போயி வாபஸ் வாங்கிட்டு வா."

நாளைக்கு முடியாது, திங்கட்கிழமைதான் வாபஸ் வாங்கலாம், மூன்று மணி வரை நேரம், அதற்குள் வாங்கிவிடுகிறேன் என்றேன். அவளே சுகாதார நிலையத்துப் பிரிண்டரில் வாபஸ் படிவத்தை எடுத்து, தன் முத்தான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அந்த மூன்று நாளும் எனக்கு இலேசாக இருந்தது. திங்கட்கிழமை வாபஸ் வாங்கியதும் நேராகப் பட்டறைக்குப் போய் அவன் முன்னால் நின்று, அடிக்கிறதென்றால் அடி என்று சொல்லிவிட வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு மண்டல அலுவலக வாசலில் என் மொபெட்டை நிறுத்தினேன். காம்பவுண்டுக்குள் புங்கமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வட்டம் உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு பேர். அலுவலகத்தின் கீழ்வாசல் அங்கிருந்து பத்து அடி. அன்றைக்கு வாபஸ் மனுக்களைக் கீழேயே ஒரு மேஜை போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது.

"வாங்க சாமி, வாங்க! இந்த வெயில்ல வாறீங்களே. உக்காருங்க," என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஏப்பா, சாமிக்கு ஒரு டீ சொல்லு."

உட்கார்ந்தேன். உட்காராமல் என்ன செய்வது? ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சட்டைப்பையில் காகிதம் மடிப்போடு குத்திக்கொண்டிருந்தது. அவர் புதிதாகக் கட்டுகிற வீட்டில் போர் போட்ட கதையை ஆரம்பித்தார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்ததாம், ராத்திரி முழுக்க ஓட்டியும் வெறும் புகையாம், அப்புறம் ஒருவர் தேங்காயைக் கையில் வைத்து இடம் பார்த்துச் சொன்னாராம். டீ வந்தது. குடித்தேன். காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க, நான் உள்ளே..." என்று நாற்காலிக் கையைப் பிடித்தேன்.

"இருங்க சாமி, போலாம். நீங்க தண்ணித் தொழில்ல இருக்கறவங்க, உங்களைக் கேக்கோணும்னே இருந்தேன். இந்த உப்புத்தண்ணிக்கு என்ன பண்றது?"

உப்புத்தண்ணிக்கு என்ன பண்ணுவது என்று அரைமணி நேரம் விளக்கினேன். நான்தான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். பிறகு என் மகள் படிப்பு, அவர் அப்பாவின் முட்டி ஆபரேஷன், ஆத்தூர் ரோட்டில் நடந்த ஒரு விபத்து. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது அவர் கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். பேச்சு ஓர் இடத்தில் நிற்க வேண்டும், அவர் தலையசைக்க வேண்டும், அப்புறம்தான் எழுந்திருக்கலாம். நான் அந்த இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சில் அந்த இடமே வரவில்லை. வாபஸ் வாங்குகிறவர்கள் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள், வந்தார்கள். ஒருவர் வட்டத்துக்கு வணக்கம் வைத்துவிட்டே போய் வாபஸ் வாங்கினார். அவர் கழுத்தை யாரும் நெரிக்கவில்லை.

மணி இரண்டே முக்கால் ஆனது. இப்போது எழுந்திரு, இப்போது எழுந்திரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தொடைகூட ஒருமுறை நாற்காலியை விட்டு எழும்பியது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது டீ வந்தது. சூடு. அதைக் குடிக்காமல் எழுந்தால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். சிநேகிதனின் தலையெழுத்து பத்து அடி தூரத்தில் இருக்கும்போது, டீயை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று யோசித்தவன் நான். ஊதி ஊதிக் குடித்தேன்.

உள்ளேயிருந்து பியூன் வந்து, "மணி மூணுங்க, அவ்வளவுதான்," என்று கதவைச் சாத்தினார்.

வட்டம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "சரிங்க சாமி, உங்களுக்கும் லோடு இருக்கும். நாந்தான் புடிச்சு வெச்சுக்கிட்டேன்," என்று கும்பிட்டார். என் பையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமா, இல்லை நிஜமாகவே உப்புத்தண்ணியைப் பற்றித்தான் பேசினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. கடவுள்மேல் ஆணையாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறுதல் அடைந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். பங்காளிக்கு அவன் கேட்ட அலமாரிச் சின்னமே கிடைத்திருந்தது. எனக்குப் பிரிட்ஜ். வட்டத்தின் ஆட்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டுகிற அந்தச் சின்னப் படத்தில் இரண்டும் கதவு வைத்த நெட்டைப் பெட்டிதான். தலைப்பெழுத்து வரிசையில் என் பெயர் முந்தி. நான் மேலே, அவன் கீழே. படிக்கிறவர் கண் முதலில் என் பெயரில்தான் முட்டும்.

பங்காளி ஆட்கள் புது நோட்டீஸ் அடித்தார்கள். மேலே இருப்பவர் அல்ல, கீழே இருப்பவர். பிரிட்ஜ் அல்ல, அலமாரி. அதைக் கொண்டுபோய் என் வீட்டு வாசலிலும் போட்டிருந்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தெருவில் பேச்சு மட்டும் நான் வரும்போது நின்றது. கோயிலில் நான் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. பங்காளி வீட்டுக்குக் கேன் போடுவதை நான் நிறுத்தவில்லை, அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுக் கேனை வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் காலிக் கேனை எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் குரல் யாரிடமோ சாக்கடை வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தது. கேனைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்தேன். இருபது லிட்டரை எப்படிச் சத்தமில்லாமல் வைப்பது?

என்னால் ஆன ஒன்றைச் செய்தேன். கேன் போடுகிற வீடுகளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, "எனக்குப் போட்றாதீங்க, கீழே இருக்கற அலமாரிக்குப் போடுங்க," என்று சொல்ல ஆரம்பித்தேன். வட்டத்தின் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். சிலர் சரி என்றார்கள். சிலர் என்னைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு அபார்ட்மென்டில் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். லிப்ட் இல்லாத கட்டடம். அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லி ஓட்டுக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன் சாமி," என்றார்.

"நெசமாத்தான் சொல்றேனுங்க. அலமாரிக்குப் போடுங்க."

"சரி சரி," என்று சிரித்தார்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்கு நான் காலையிலேயே போய்ப் போட்டேன். மறைப்புக்குப் பின்னால் என் பெயரைப் பார்த்தபோது வெறுப்பாக இருந்தது. அலமாரிக்கு நேராக அமுக்கினேன். வெளியே வரும்போது எதிரில் வரிசையில் பங்காளி நின்றுகொண்டிருந்தான். விரலில் இருந்த மையை மறைத்துக்கொண்டு நடந்தேன். எதற்கு மறைத்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு நான் போகவில்லை. போகாவிட்டாலும் தெரியாமல் போகுமா? பத்தரை மணிக்கு வட்டத்தின் ஆட்கள் வெடி வைத்தார்கள். பங்காளி பத்தொன்பது ஓட்டில் தோற்றிருந்தான். எனக்கு விழுந்திருந்தது நாற்பத்தேழு. இந்த இரண்டு எண்ணையும் வார்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மூன்றாவது மாடிக்குக் கேன் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சரம்மா கதவைத் திறந்ததும், "நாற்பத்தேழுல ஒண்ணு என்னோடது சாமி," என்றார்.

"அலமாரிக்குப் போடச் சொன்னேனேங்க!"

"அவரை எனக்கு யாருன்னு தெரியாது. நீங்க இத்தனை வருஷமா மூணு மாடி தூக்கிட்டு வாறீங்க. தனக்கு வேண்டாம், அடுத்தவனுக்குப் போடுங்கற மனுசனை விட்டுட்டு வேற யாருக்குப் போடச் சொல்றீங்க? எதுத்த ஊட்டுலயும் சொன்னேன். அவங்களும் உங்களுக்குத்தான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் சொன்னதே அவனைக் கவிழ்த்துவிட்டது என்று யாரிடம் போய் அழுவது? நான் சொல்லாமல் இருந்த வீடுகளில் தவறிப்போய் எனக்கு விழுந்தது எத்தனை, வேண்டாம் என்று நான் சொல்லப்போய் எனக்கு விழுந்தது எத்தனை என்று அன்றிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் ஜெயித்திருப்பானோ என்றுகூடத் தோன்றியது.

எண்ணிக்கை முடிந்த நாலாம் நாள் சாயங்காலம் பங்காளி என் வீட்டுக்கு வந்தான். மனைவி உள்ளே வாங்க என்றாள். அவன் வாசல்படியிலேயே நின்றான். ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தான். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வந்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஆனால் அவன் குரல் சாதாரணமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வாபஸ் வாங்கற அன்னிக்கு உன் வண்டி மண்டல ஆபீஸ் வாசல்ல நின்னுச்சுன்னு சொல்றாங்க. நெசமா?"

"நெசந்தான்," என்றேன்.

"வாபஸ் வாங்கத்தான வந்தே? உடமாட்டேன்னு மடக்கிட்டாங்களா?"

அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் என்ன பதிலை எதிர்பார்க்கிறான் என்று பச்சையாகத் தெரிந்தது. ஆமாம், மடக்கிவிட்டார்கள், மிரட்டினார்கள், கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகவே நடந்து வந்திருக்கிறான். வந்தேன் என்பது உண்மை. மடக்கினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாரும் மடக்கவில்லையே. கதவு ஒன்றரை மணி நேரம் திறந்தே கிடந்தது. உன்னை நான் இரண்டு டம்ளர் டீக்குத் தோற்கடித்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? அதைவிட என்னை அயோக்கியன் என்றே நினைத்துக்கொண்டு போகட்டும் என்று பட்டது.

"இல்ல," என்றேன். "அங்க கேன் போட வந்தேன்."

"கேன் போட வந்தியா," என்றான். "சரி. வாபஸ் வாங்க வந்திருப்பான், அவனை என்னமோ பண்ணிட்டாங்கன்னு நாலு நாளா ஊரெல்லாம் உனக்காகப் பேசிக்கிட்டு இருந்தேன். என் பொண்டாட்டிகிட்டக்கூடச் சண்டை போட்டேன். இனிமே பேசல."

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாபஸ் வாங்கத்தானங்க போனீங்க," என்றாள். "அதச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, அப்புறம் ஏன் வாங்கலைன்னு கேப்பான்."

அவள் உள்ளே போனாள். அந்த வேலை அடுத்த புதுப்பிப்பில் வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். எத்தனையோ விஷயத்துக்கு என்னோடு சண்டை போடுகிறாள். ஆனால் அன்றைக்கு ஏன் வாங்கவில்லை என்று மட்டும் அவள் இதுவரை என்னைக் கேட்டதில்லை.